நோட்டீஸ் ஏன் மேசையிலேயே கிடக்கிறது

கலிபோர்னியாவின் மதேராவில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது: “அக்கா, எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கமிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்கள். குடும்ப வன்முறை பற்றி ஸ்பானிஷில் அழகாக நோட்டீஸ் அடித்து வரவேற்பு மேசையில் வைத்தோம். ஆறு மாதத்தில் ஒருத்தர்கூட எடுக்கவில்லை. அவர்கள் ஊரில் ஆண்கள் வைத்ததுதான் சட்டம் என்பதால் அடி வாங்குவதைப் பெரிதாக நினைப்பதில்லையா? அக்டோபரில் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி வைக்கலாம் என்கிறார்கள். எப்படி வைத்தால் எடுபடும்?”

நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தப்பு செய்தால் மற்றதெல்லாம் தப்பாகிவிடும். அவர்கள் அடியைப் பெரிதாகத்தான் நினைக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010ல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், கணவராலோ காதலராலோ வாழ்நாளில் ஒருமுறையாவது அடி உதை, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை என ஏதோ ஒன்றுக்கு ஆளானதாகச் சொன்ன லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்கள் 37.1 சதவீதம். வெள்ளைக்காரப் பெண்களில் 34.6 சதவீதம். கறுப்பினப் பெண்களில் 43.7. முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. ‘மச்சிஸ்மோ’, அதாவது ஆண் திமிர், என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிட முடியாது. “கல்லானாலும் கணவன்” என்று ஒரு பழமொழி இருப்பதை வைத்து, தமிழ்ப் பெண்களுக்கு அடி வலிக்காது என்று யாராவது முடிவு கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

பழமொழிகள் அவர்களிடமும் உண்டு. “லா ரோப்பா சூசியா சே லாவா என் காசா” என்பார்கள்: அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேயே துவை. “காயாதித்தா தே வெஸ் மாஸ் போனித்தா” என்று பெண் குழந்தைகளிடம் சொல்வார்கள்: வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் அழகாக இருப்பாய். எல்லாவற்றுக்கும் மேலே ‘அகுவாந்தார்’ என்று ஒரு வினைச்சொல். பொறுத்துப் போவது, தாங்கிக்கொள்வது. நம் அம்மாக்கள் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்பார்களே, அதேதான். இந்த அழுத்தம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் போனை எடுக்காமல் இருப்பதற்குப் பழமொழியைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று இருக்கிறது.

நான் ஃப்ரெஸ்னோவில் ஒரு சட்ட உதவி மையத்தில் பன்னிரண்டு வருடமாக ஸ்பானிஷ் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் இல்லை, வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலி. முதல் வருடம் ஒரு பெண் வாடகை முன்பணம் திரும்ப வரவில்லை என்று வந்தார். கன்னத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பழைய கன்றல். வக்கீல் என்னைக் கேட்கச் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன்: “உங்கள் வீட்டில் குடும்ப வன்முறை இருக்கிறதா?” இல்லை என்றார். சரி என்று வாடகைக் கதைக்குப் போய்விட்டோம். ரசீது கேட்டபோது அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கவர் முழுக்க வெள்ளைப் பொடி. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ரசீதுகளையும் சோளமாவு மூட்டைக்குள் புதைத்து வைத்திருந்தாராம். “அவர் சமையலறையில் எல்லாவற்றையும் கிளறுவார், மாவில் மட்டும் கை வைக்க மாட்டார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டோம். கணவரிடம். சம்பளச் செக்? கணவரிடம். போலீசைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அப்போதுதான் சிரிப்பு நின்றது. “அவர் மீக்ராவுக்கு ஒரு போன் போட்டால் போதும். நான் அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம்.”

‘லா மீக்ரா’ என்றால் குடியேற்றத் துறைப் போலீஸ். அந்தப் பெண்ணுக்கு அடிப்பது தப்பு என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போன் போட்ட பிறகு மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே கதை கணவர் சொன்ன கதை. உங்கள் நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறேன்: “வன்முறைக்கு இடமில்லை, மௌனத்தை உடையுங்கள்” என்று இருக்கும், கன்னத்தில் கை வைத்த ஒரு பெண்ணின் படம் இருக்கும். உடைத்த பிறகு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இருக்காது.

அதனால் அந்த “பிறகு” என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். அமெரிக்கக் குடிமகனையோ கிரீன் கார்டு வைத்திருப்பவரையோ கட்டிக்கொண்டு வரும் பெண்ணின் குடியேற்ற மனுவைக் கணவர்தான் போட வேண்டும், அவர் நினைத்தால் திரும்பவும் வாங்கலாம். 1986ல் வந்த போலித் திருமணத் தடுப்புச் சட்டம், புதிதாகத் திருமணமானவர்களுக்கு இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு என்று வைத்தது. நிபந்தனையை நீக்க இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அடிக்கிற கணவருக்கு இதைவிட நல்ல கயிறு கிடைக்குமா? 1990ல், அடிபட்டவர் தனியாகவே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம் என்று அதில் ஒரு விலக்கு வந்தது. 1994ல் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபோதுதான் கயிற்றின் முடிச்சே அவிழ்ந்தது. அந்தச் சட்டப்படி மனைவி தன் மனுவைத் தானே போடலாம். ஐ-360 என்ற படிவம், கட்டணம் இல்லை, கணவருக்குத் தெரியவே வேண்டாம், அவர் கையெழுத்தும் வேண்டாம். விவாகரத்து ஆகியிருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் போடலாம். சட்டத்தின் பெயரில்தான் பெண். அடிபடும் கணவரும் போடலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, 1996லேயே சட்டத்தில் ஏறிய ரகசியக் காப்பு விதி. இப்படி மனு போட்டவரைப் பற்றிய தகவலைக் குடியேற்றத் துறை வெளியே கொடுக்கக் கூடாது. கணவர் போன் போட்டு “இவளைத் துரத்துங்கள்” என்று சொன்னால், அவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அந்தப் பெண்ணுக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. மாவு மூட்டைப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் சொல்வதை நம்பாமல், வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிப்பவருக்கே குடியேற்றக் காகிதம் இல்லையென்றால்? பண்ணைத் தொழிலாளர்களிடம் இதுதான் அதிகம். அங்கே ஐ-360 உதவாது. 2000ல் உருவான யு விசா இருக்கிறது: குற்றத்துக்கு ஆளானவர், விசாரணைக்கு ஒத்துழைத்தவர் என்று போலீசோ அரசு வழக்கறிஞரோ சான்று எழுதித் தர வேண்டும். கலிபோர்னியாவில் சான்று கேட்டால் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. ஆனால் விசா வருடத்துக்கு 10,000 பேருக்கு மட்டும். காத்திருப்போர் வரிசை பல வருட நீளம். இதைச் சொல்லாமல் “உங்களுக்கு விசா கிடைக்கும்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கிணற்றைக் காட்டிக் கயிறு கொடுக்காத கதை.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு துண்டு உண்டு. கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து, கணவர் அடித்தால் வேலைக்கும் போக முடியாமல் ஊருக்கும் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும் பெண்கள் தனியாக வேலை அனுமதி கேட்கலாம் என்று 2005ல் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். அது நடைமுறைக்கு வரவே 2017 ஆகிவிட்டது. உங்கள் தோழிகளிடம் சொல்லி வையுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருப்பது. தெருவில் இருப்பது வேறு. 2017 பிப்ரவரியில் டெக்சாஸின் எல் பாசோவில், பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு திருநங்கையைக் குடியேற்றத் துறையினர் அங்கேயே பிடித்துப் போனார்கள். தகவல் கொடுத்ததே அவரை அடித்தவராக இருக்கலாம் என்று கவுண்டி வழக்கறிஞர் சந்தேகப்பட்டார். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவர் சார்லி பெக் ஒரு கணக்குச் சொன்னார்: முந்தைய வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால், லத்தீன் மக்களிடமிருந்து வரும் பாலியல் வன்முறைப் புகார் 25 சதவீதமும் குடும்ப வன்முறைப் புகார் 10 சதவீதமும் குறைந்துவிட்டன. அடி குறைந்ததால் புகார் குறைந்தது என்று யாரும் நம்பவில்லை. குடும்ப வன்முறைக் காப்பகங்களுக்குள் குடியேற்றச் சோதனை கூடாது என்று 2021ல் ஒரு வழிகாட்டுதல் வந்தது. 2025 ஜனவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆகவே “பயப்படாதீர்கள்” என்று மேடையில் பேசாதீர்கள். அவர்களுக்கு உங்களைவிட நிலவரம் தெரியும். பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, எந்தக் கதவு யாருடையது என்று பிரித்துச் சொன்னால் கேட்பார்கள். காப்பகத்தில் காகிதம் கேட்டுச் சேர்ப்பதில்லை. கலிபோர்னியாவில் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்பதற்குக் குடியேற்ற நிலை தடையில்லை, கட்டணமும் இல்லை, மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகத் தருவார்கள். நள்ளிரவில் வந்த போலீஸ்காரரே நீதிபதிக்குப் போன் செய்து அவசர ஆணை வாங்க முடியும். அது அதிகபட்சம் 7 நாள் நிற்கும். அதற்குள் அடுத்த மனுவைப் போட வேண்டும். ஆனால் நாடு கடத்தல் உத்தரவு பழையது ஏதாவது இருந்தால், எங்கேயும் காலடி வைக்கும் முன் குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நோட்டீஸில் போட எல்லோரும் தயங்குவார்கள். போடுங்கள். இந்த ஒரு வரிதான் மற்ற வரிகளை நம்ப வைக்கும்.

வக்கீல் என்றதும் ஒரு எச்சரிக்கை. மெக்சிகோவில் ‘நோத்தாரியோ பூப்ளிக்கோ’ என்றால் சட்டம் படித்த, அரசு நியமித்த பெரிய ஆள். அமெரிக்காவில் நோட்டரி என்றால் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர், அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துக் கடை போட்டு, “நான் விசா வாங்கித் தருகிறேன்” என்று ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பணம் போவதுகூடப் பரவாயில்லை. தப்பான படிவத்தைப் போட்டு வழக்கையே கெடுத்துவிடுகிறார்கள். எங்களிடம் வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு நோத்தாரியோவிடம் மாட்டி மீண்டவர்கள்.

மொழி. ஸ்பானிஷில் அடித்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்கள் மதேராவில் ஒஹாக்கா மாநிலத்திலிருந்து வந்த மிஷ்டெக் மக்கள் எத்தனை பேர்! ஸ்பானிஷ் அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூட மொழி, அதுவும் பள்ளிக்கூடம் போயிருந்தால். குவாத்தமாலாக்காரர்களுக்கு மாம், கிச்சே என்று வேறு மொழிகள். மருத்துவர் ஸ்பானிஷில் கேட்டதற்கு ஒரு பெண் “சி, சி” என்று தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. மரியாதை என்று அர்த்தம். மிஷ்டெக்கிலும் ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது, அதனால் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் ஆள் தேட வேண்டும். ஃப்ரெஸ்னோவில் இருக்கும் ஒஹாக்கா பழங்குடிகளின் அமைப்பான சென்ட்ரோ பினாசியோனாலில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடும்போது அந்தப் பெண்ணின் ஊர்க்காரராக இல்லாதவரைக் கேளுங்கள். ஊர்க்காரர் என்றால் மறுநாள் ஒஹாக்காவில் மாமியார் வரைக்கும் செய்தி போயிருக்கும்.

இதைவிட மோசம், குழந்தையை மொழிபெயர்க்க வைப்பது. போலீஸ் வருகிறது. ஆங்கிலம் தெரிந்தது இரண்டே பேருக்கு: அடித்த அப்பாவுக்கும் ஒன்பது வயதுப் பையனுக்கும். அப்பா சொல்வதைப் போலீஸ் நேரடியாகக் கேட்கிறது. அம்மா சொல்வதைப் பையன் சொல்ல வேண்டும், அப்பா பார்த்துக்கொண்டிருக்க. அவன் எதைச் சொல்லுவான்? இப்படி எழுதப்பட்ட ஒரு போலீஸ் அறிக்கையை வாசித்திருக்கிறேன். “மனைவி கால் தடுக்கி விழுந்ததாகக் கூறினார்.” அம்மா சொன்னது வேறு. பையன் சொன்னதுதான் காகிதத்தில் ஏறியது. அரசுப் பணம் வாங்கும் அமைப்புகள் மொழி உதவி தர வேண்டும் என்று வலியுறுத்திய 2000ஆம் வருட ஜனாதிபதி ஆணையும் 2025 மார்ச்சில் ரத்தாகிவிட்டது. 1964ஆம் வருட உரிமைச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆகவே கேட்டு வாங்குங்கள்: “இன்டெர்ப்ரெத்தே, போர் ஃபவோர்” என்ற மூன்று சொல்லை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். நோட்டீஸில் வேறு எதையும் போட இடமில்லை என்றாலும் இதைப் போடலாம்.

இப்போது யாரிடம் பேசுவது என்ற கேள்வி. அடிபடும் பெண்ணிடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவர் உங்கள் நிகழ்ச்சிக்கு வர மாட்டார். வந்தால் அவரைக் கணவரே கொண்டுவந்து விட்டிருப்பார், வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கோமாத்ரேயிடம் பேசுங்கள். கோமாத்ரே என்றால் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள், அந்த உறவால் அம்மாவுக்கு உடன்பிறவாச் சகோதரி ஆனவள். மனசில் இருப்பது முதலில் போய்ச் சேருவது அவளிடம்தான், திராட்சைத் தோட்டத்தில் வரிசைக்கு வரிசை பேசிக்கொண்டே. அவளிடம் “விட்டு வந்துவிடு என்று நெருக்காதே, பையில் என்னென்ன காகிதம் வைக்க வேண்டும் என்று சொல், உன் வீட்டில் ஒரு பிரதியை வைத்துக்கொள்” என்று சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. விட்டு வரும் நேரம்தான் ஆபத்து கூடும் நேரம் என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். நல்ல மனசோடு, “இன்றைக்கே கிளம்பு” என்று துரத்தும் தோழிகளால் விபரீதம் நடந்திருக்கிறது.

இதைப் பண்ணைத் தொழிலாளப் பெண்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நாம் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. 1980களின் கடைசியில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் மிலி திரெவீனியோ-சவுசேதாவும் தோழிகளும் தொடங்கிய வேலைதான் பின்னர் ‘லீதெரெஸ் கம்பெசினாஸ்’ என்ற அமைப்பானது. மிலியே சின்ன வயதில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் மண்டபம் பிடிக்கவில்லை. ஒருத்தர் வீட்டு சமையலறையில் ஆறேழு பேர் கூடினார்கள். சின்ன நாடகம் போட்டார்கள்: ஒருத்தி கணவனாக நடிப்பாள், தொப்பி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடியும்போது யாரோ ஒருத்தி “எங்க வீட்டுலயும்...” என்று தொடங்குவாள். மினசோட்டாவின் செயின்ட் பாலில் 1982ல் லத்தீன் பெண்களுக்கான காப்பகமாகத் தொடங்கிய காசா தெ எஸ்பெரான்சாவும், இன்றைய பெயர் எஸ்பெரான்சா யுனைட்டெட், இதே பாதைக்குத்தான் வந்து சேர்ந்தது: கட்டில்களை எண்ணுவதோடு நிற்காமல், அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே முன்னால் நிறுத்துவது. உங்கள் கிளினிக்கில் சர்க்கரை நோய்க்கு வீடு வீடாகப் போகும் ‘ப்ரோமோதோரா’க்கள் இருப்பார்களே, அவர்களில் இரண்டு பேரைப் பிடியுங்கள். நூறு நோட்டீஸுக்குச் சமம்.

வானொலியை மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து ஊரிலேயே 1980 முதல் ரேடியோ பிலிங்குவே இருக்கிறது. அதைத் தொடங்கிய ஊகோ மொராலெஸ் ஒஹாக்காவிலிருந்து வந்த மிஷ்டெக் குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்திலும் பேக்கிங் ஷெட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோவில் ஒரு வசதி: கேட்டதற்குச் சாட்சி இருக்காது. நோட்டீஸ் பையில் அகப்படும், ரேடியோ அகப்படாது.

தேவாலயம் இல்லாமல் இந்த மக்களிடம் எதுவும் நகராது. இங்கே ஒரு ஆயுதம் தூசி படிந்து கிடக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1992ல் குடும்ப வன்முறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், 2002ல் புதுப்பித்தார்கள். அடிக்கிற திருமணத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. மன்னிப்பதற்கும் அடி வாங்கிக்கொண்டே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் விளக்குகிறது. ஸ்பானிஷ் பதிப்பும் உண்டு. “சிலுவையைச் சுமந்துதான் ஆக வேண்டும்” என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பலிபீடத்திலிருந்து அந்த ஒரு பத்தியை வாசித்தால், நானும் நீங்களும் பத்து வருடம் பேசினாலும் ஆகாதது நடக்கும். முதலில் பாதிரியாரை வாசிக்க வைக்க வேண்டும். அது தனிக் கதை.

நிகழ்ச்சி என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது நியூயார்க்கில் நடக்கும் மணப்பெண்கள் ஊர்வலம். 1999 செப்டம்பர் 26. நியூ ஜெர்சியின் ரிட்ஜ்ஃபீல்டில் கிளாடிஸ் ரிகார்ட் என்ற டொமினிக்கன் பெண்ணுக்குத் திருமணம். வெள்ளைக் கவுனில், தோழிகளுக்குப் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தார், தேவாலயத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. முன்னாள் காதலர் வீட்டுக்குள் வந்து சுட்டுவிட்டார். திருமண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கேமராவில் அதுவும் பதிவானது. சுட்டவர் சமூகத்தில் பேர்பெற்ற ஆள். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: “அவள் ஏமாற்றியிருப்பாள், இல்லாவிட்டால் அவர் ஏன்...” என்று அக்கம்பக்கத்திலும் ஊடகங்களிலும் ஒரு பேச்சு கிளம்பியது. ஆத்திரத்தில் செய்தது என்று நீதிமன்றத்திலும் வாதாடிப் பார்த்தார்கள். ஜூரி ஏற்கவில்லை, கொலைக் குற்றம் உறுதியானது.

அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் ஃபுளோரிடாவிலிருந்த ஜோசி ஆஷ்டன் என்ற டொமினிக்கன் பெண், கிளாடிஸின் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, 2001ல் அதே செப்டம்பர் 26 அன்று திருமண கவுனைப் போட்டுக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மயாமிக்கு நடந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் நடை, வழியில் காப்பகங்களில் தங்கல். அன்று தொடங்கி ஒவ்வொரு வருடமும் அதே நாளில் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பக்கம் பெண்கள் கல்யாணக் கவுனில் தெருவில் நடக்கிறார்கள், மழையோ வெயிலோ. ஒருமுறை நேரில் பார்த்தேன். முடிதிருத்தும் கடைக்குள் பாதி முடி வெட்டின தலையோடு ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்தார், துணி இன்னும் கழுத்தில். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கவுனின் விளிம்பு கறுத்துப்போன ஒரு அம்மா நின்று அவருக்குப் பதில் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கடைக்காரர் கத்தரியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தால் அந்த இரண்டு ஆண்களும் ஆயுசுக்கும் வர மாட்டார்கள்.

ஆண்கள் பற்றி ஒன்று மட்டும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தொடங்கும் கூட்டத்துக்கு அவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை. 1988ல் தொடங்கிய நேஷனல் கொம்பாத்ரெஸ் நெட்வொர்க் வேறு மாதிரி போகிறது: ‘ஓம்ப்ரே தெ பலாப்ரா’, சொன்ன சொல் காப்பவன், என்ற அவர்களுடைய பழைய மரியாதையையே எடுத்து, அப்படிப்பட்டவன் வீட்டில் எப்படி நடப்பான் என்று வட்டமாக உட்கார்ந்து பேச வைக்கிறார்கள். எல்லோரும் திருந்திவிடுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் “உங்கள் கலாசாரமே அப்படித்தான்” என்று சொல்பவரைவிட, “உங்கள் தாத்தா இதைச் செய்வாரா?” என்று கேட்பவருக்குப் பதில் வருகிறது.

கடைசியாக உங்கள் கிளினிக். நீங்கள் நர்ஸ் என்பதால் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: கலிபோர்னியாவில் அடியால் வந்த காயத்துக்குச் சிகிச்சை கொடுத்தால், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இருக்கிறது. இது அந்தப் பெண்களுக்கும் அரைகுறையாகத் தெரியும், அதனாலேயே காயத்தோடு வர மாட்டார்கள், வந்தால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பார்கள். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள். என்ன சொன்னால் நீங்கள் தெரிவிக்க வேண்டிவரும், என்ன சொன்னால் உங்களோடு இருக்கும் என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறகு எவ்வளவு சொல்வது என்று அவர் முடிவு செய்யட்டும். கேட்பதற்கு முன் கணவரை வெளியே அனுப்ப ஒரு சாக்கு வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையைப் போல் நல்ல சாக்கு கிடையாது. “வன்முறை” என்ற சொல்லை எடுக்காதீர்கள். “உங்கள் போனை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா? காகிதமெல்லாம் யாரிடம் இருக்கிறது? வீட்டில் கோபம் வந்தால் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள்.

அந்த நோட்டீஸை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை எடுப்பது ஊருக்கு அறிவிப்பு கொடுப்பது மாதிரி. பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அடியில் கிழித்துக்கொள்ளும் விதமாகச் சின்னச் சின்னத் துண்டு. தேசிய உதவி எண் 1-800-799-7233, ஸ்பானிஷில் இருபத்துநாலு மணி நேரமும் பேசுவார்கள், வேறு மொழிக்கும் ஆள் பிடிப்பார்கள். துண்டில் எண் மட்டும் இருக்கட்டும், தலைப்பு வேண்டாம். பர்ஸில் யாராவது பார்த்தாலும் தையல்காரர் நம்பர் என்று சொல்லிவிடலாம். ஷூவுக்குள் மடித்து வைக்கும் அளவு இருந்தால் போதும்.

அக்டோபர் நிகழ்ச்சியை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விழிப்புணர்வுக்கான ஊதா ரிப்பனும் கேக்கும் உங்கள் ஊழியர்களுக்கு நல்லது. அந்த மாதச் செலவில் பாதியை எடுத்து, வாரக் கடைசியில் துணி துவைக்க எல்லோரும் கூடும் லாண்ட்ரோமாட்டில் இரண்டு ப்ரோமோதோராக்களை உட்கார வையுங்கள், சில்லறை நாணயம் மாற்றிக் கொடுத்துக்கொண்டு. துணி உலர நாற்பது நிமிடம் ஆகும், யாரும் எங்கும் போக முடியாது, பேச்சு தானாக வரும். அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேயே துவைக்கச் சொல்லும் ஊரில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கழிப்பறையில் ஒட்டும்போது இன்னொரு வேலை. முதல் துண்டை நீங்களே கிழித்துவிடுங்கள், கூடவே நடுவில் ஒன்று. முழுசாக இருக்கும் தாளில் முதல் ஆளாகக் கை வைக்க யாருக்கும் மனசு வராது.